பதினான்கு அங்குலம்

ஆல்டன்பரி, ஷீப் தெரு, எண் இருபத்தேழு.
செங்கல் முகம். மேலே ஐந்து சன்னல்,
கீழே நான்கு, நடுவில் கதவு.
கதவின் இருபுறமும் அரைத்தூண்கள்,
தாங்க எதுவுமில்லாமல்
தாங்குகிற பாவனையில்.

வாங்கப்போகிறவர் பெட்டிஃபர், பல் மருத்துவர்.
ஈரம் ஏறுகிறதா, சுவர் சாய்கிறதா
என்று எழுதித்தர என்னை அனுப்பியிருந்தார்.
வெளியே அளந்தேன். உள்ளே அளந்தேன்.
சுவர்களின் கனத்தைக் கழித்தேன்.
பதினான்கு அங்குலத்தைக் காணவில்லை.

மறுபடி அளந்தேன்.
நாடாவின் அடுத்த முனையைப் பிடித்திருந்தாள்
ரோவீனா டப்ஹோம், மார்ச்சில் காலிசெய்ய வேண்டிய வாடகைக்காரி.
"இந்த வீட்டில் எது தொலைந்தாலும் கிடைக்காது" என்றாள்.

பத்திரக் கட்டில் ஒரு ஒப்பந்தம், 1764.
மால்ட் வியாபாரி ஒபதையா வென்னிங்.
எதிர்வரிசையில் ஒரு வக்கீல்
முழுச் செங்கல்லில் வீடு எழுப்பிவிட்டான்.
வென்னிங்கின் வீடோ ஓக் மரச்சட்டம்,
சட்டங்களுக்கு நடுவே ஹேசல் குச்சிப் பின்னல்,
அதன்மேல் களிமண், வைக்கோல், சாணி.
மாடி தெருவுக்குமேல் துருத்திக்கொண்டு நின்றது
உதட்டுக்குள் அடங்காத பல்வரிசை போல.
கையிருப்பு வீட்டுக்குப் போதவில்லை.
முகத்துக்குப் போதியது.
மனைவி டார்க்கஸ் சாட்சிக்கு
ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள், மை தெறித்து.

மாடியின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டார்கள்.
அந்தக் கோட்டில் தரையிலிருந்து செங்கல் எழும்பியது.
கீழே பழைய சுவர்
நின்ற இடத்திலேயே நின்றது.
இரண்டுக்கும் நடுவில் அடைபட்டது
அந்த வருடத்து இருட்டு.

அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
தெரியலாம்.
இங்கே அகத்துக்கும் முகத்துக்கும் பதினான்கு அங்குலம்.

மாடியில் இடமிருந்து இரண்டாவது சன்னல் பொய்.
கறுப்புக் கண்ணாடி பன்னிரண்டும் பெயின்ட்,
வெள்ளைச் சட்டமும் பெயின்ட்.
சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்பார்கள் ஊரில்.
இல்லை. அதன் பின்னால்
இரண்டு அறைகளைப் பிரிக்கும் சுவர் வந்து முட்டுகிறது.
முகம் ஐந்து கேட்டது,
அகத்தில் நான்குக்குத்தான் இடம்.
ஏழு வருடத்துக்கொருமுறை கேலம் ட்ரெட்ஜ் ஏணி சாத்தி ஏறி
அந்தக் கறுப்புக்கு மினுக்கம் பூசுகிறான்.
மேல்வரிசையில் ஒரு கண்ணாடியில் மட்டும்
மேகம் தெரிவதுபோல் சாம்பல் தீற்றல் ஒன்று.
அதற்குக் கூலி கேட்பதில்லை.

கீழ் அறையின் பலகைச் சுவரில் விரல் நுழையும் துளை.
கேமராக் குழாயை விட்டேன்.
முதலில் செங்கற்களின் முதுகு.
தெருவுக்கு நூல்பிடித்த கோடு காட்டியவை
இங்கே சுண்ணாம்பைப் பிதுக்கி, வழியவிட்டு, துடைக்காமல்;
யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த கொத்தனின் கை.
ஒடிந்த புகைக்குழாய் ஒன்று. ஒரு காக்கைக் கூடு, பழசு.
பிறகு குழாயைத் திருப்பினேன்.

சன்னல்.

பழைய மரச்சுவரில், நான்கு ஓக் கம்பங்களுக்கிடையே,
ஈயக் கோடிட்ட சாய்சதுரக் கண்ணாடிகள்.
ஒன்றுகூட உடையவில்லை.
ஆலங்கட்டி எட்டாத இடம், பையன்களின் கல் எட்டாத இடம்.
இருநூற்றறுபது வருடமாக
ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில்
செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உட்பக்கப் பலகைக்கதவு பாதி திறந்திருந்தது.
முகம் வளர்ந்த வாரங்களில்
யாரோ தினமும் அங்கே நின்றிருக்க வேண்டும்:
முழங்கால் உயரம், மார்பு உயரம்,
தெரு குறைந்து குறைந்து
தொப்பிகளின் ஊர்வலமாகி,
பிறகு தொப்பியும் இல்லாமல் ஒரு கீற்று வானமாகி.
டார்க்கஸ் என்று சொல்ல
என்னிடம் ஆதாரமில்லை.

ரோவீனா திரையை நெடுநேரம் பார்த்தாள்.
"குளிர் எங்கிருந்து வருகிறதென்று
இப்போதுதான் தெரிகிறது."

பெட்டிஃபர் போனில் கேட்டார்: ஈரம்?
இல்லை.
சாய்வு?
முகம் கொஞ்சம் முன்னால் நழுவுகிறது.
உள்ளிருந்து மூன்று இரும்புக் கட்டு போதும்.
"உறைதானே" என்றார், தொழில் தோரணையில்,
"ஒட்டு சரியாயிருந்தால் நிற்கும்."

படிவத்தில் ஒரு கட்டம்: முன்புறச் சன்னல்கள், எண்ணிக்கை.
ஒன்பது என்று எழுதினேன்.
பொய்யை அடித்துவிட்டு எட்டு.
பேனா மூடியைத் திருகிவிட்டேன். திரும்பத் திறந்தேன்.
ஒன்பது.
அடித்தல் திருத்தலோடு
அப்படியே அனுப்பினேன்.